செவலையைப் பழக்கிய இரண்டு பேர்

எய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பேத்தி யாழினி குதிரை ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றாய். ஓசூரில் உங்கள் வீட்டுப் பக்கம் இரண்டு பேர் சொல்லித் தருகிறார்களாம். ஒருவரிடம் குதிரைகள் சிலை மாதிரி நிற்கின்றன, இன்னொருவரிடம் ஒரே இரைச்சலும் ஓட்டமுமாகக் கிடக்கிறது என்றாய். "நம்ம செவலையைப் பழக்கினவங்கட்ட கேட்டுப் பாக்கலாமாம்மா? அவங்கன்னா சரியான ஆளு யாருன்னு சொல்லுவாங்கல்லா" என்று நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். செவலையைப் பழக்கியது இரண்டு பேர். உனக்கு இரண்டாவது ஆளை மட்டும்தான் தெரியும். முதல் ஆளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே உன் அப்பா எழுந்து போய்விடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ துபாய்க்கு வேலைக்குப் போயிருந்த சமயம் அது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து போனபின் தறிக்கூடத்தை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். சும்மா இருக்க முடியாத மனிதர், அந்தியூர் சந்தைக்குப் போய்ச் செந்நிறத்தில் ஒரு இளம் பெண்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். நம் வம்சத்தில் குதிரைக் கயிற்றைத் தொட்ட ஆள் கிடையாது. செவலை என்று பெயர் வைத்தது உன் தங்கச்சி கவிதா. அவள் அப்போது கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் படித்தாள். காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தோள் பையைக்கூடக் கழற்றாமல் செவலையைக் கட்டியிருந்த தோப்புக்குத்தான் ஓடுவாள். ஆனால் செவலைக்கு எதைக் கண்டாலும் பயம். மதுரை ரோட்டில் ஹாரன் அடித்தால் பயம், காற்றில் பறக்கும் பாலிதீன் பைக்குப் பயம், நம் தறியில் நெய்த பேண்டேஜ் துணியைக் காயப்போட்டால் பயம். ஒரு நாள் மோட்டார் ரூம் பக்கத்தில் அப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டது. காறை எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விற்றுவிடலாம் என்றேன். பழக்க ஆள் பார்க்கலாம் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிறவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். மடவார் வளாகத்துப் பக்கம் இருக்கிறார், பெயர் சங்கரவேல், அவர் கைக்குப் போன குதிரை தப்பே செய்யாது என்றார்கள். வந்தார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். கையில் கம்பு இல்லை, சாட்டை இல்லை. எனக்கு அதைப் பார்த்ததும் மனசுக்குப் பிடித்துப்போயிற்று. "அடிக்க மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "அடிச்சா அது நம்மளை வெறுக்கும்மா" என்றார். "வெறுக்கணும்னா உள்ள ஒரு ஆளு இருக்கணும்லா. அந்த ஆளை வெளிய அனுப்பிட்டாப் போதும். பொறவு பயமும் இருக்காது, முரண்டும் இருக்காது." ஏதோ தொழில்காரர் பேச்சு என்று நினைத்தேன். அவர் தோப்பின் நடுவில், வெட்டவெளியில் போய் நின்றார். செவலையைத் தன்னைச் சுற்றி நடக்கவிட்டார். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே ஒரு சத்தம்தான். "ம்." அதற்கு நடந்தது. இன்னொரு "ம்" சொன்னார். நின்றது.

கொஞ்ச நாளிலேயே செவலை ஆளே மாறிப்போனாள். பஸ் உரசிக்கொண்டு போனாலும் அசையமாட்டாள். துணி அவள் முகத்தில் வந்து விழுந்தாலும் அப்படியே நிற்பாள். முன்காலை மடித்துத் தலையைத் தாழ்த்திக் கும்பிடு போடவும் படித்துவிட்டாள். தறிக்காரப் பெண்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு முதலில் உறுத்தியது ஈ. செவலையின் கண்ணோரத்தில் ஈக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குதிரை என்றால் தோலைச் சிலிர்க்கும், வாலை வீசும். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஈ கண்விழியின் மேலேயே நடந்தது, இமை கூட அடிக்கவில்லை. சங்கரவேல் திரும்பிப் பார்த்து "ம்" என்றார். அதற்குப் பிறகுதான் வால் அசைந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அவள் கனைத்து நான் கேட்டே வெகு நாளாகியிருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம். உச்சி வெயில். சாப்பிடக் கூப்பிடலாம் என்று தோப்புக்குப் போனால், உன் அப்பா செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடு வெயிலில் நிற்கிறார். சட்டை முழுக்க வேர்வை. கட்டுப் போட்ட தோள் நடுங்குகிறது. சங்கரவேல் எப்போதோ கிளம்பிப் போய்விட்டிருந்தார். "என்னங்க, ஏன் இப்படி நிக்கீங்க?" என்றேன். என்னை யாரோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நிக்கச் சொன்னார்லா" என்றார். "அவர் போயாச்சே." "போகச் சொல்லலையே." தறிக்கூடத்தில் ஒரு நூல் அறுந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் எய்யா, உன் அப்பா. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கயிற்றை அவர் விரல்களிலிருந்து நான் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன்.

மறுநாள் சங்கரவேல் வண்டியை நிறுத்தியபோது கேட்டிலேயே மறித்துச் சொல்லிவிட்டேன். "இனிமே வர வேண்டாம் தம்பி. பழகினது போதும்." அவருக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சிரித்த முகமாக என் தோளுக்கு மேலே செவலையைப் பார்த்தார். "சரிம்மா. நான் வரணும்னு ஒண்ணும் இல்லை. அது பாட்டுக்கு நடக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். விட்டது சனி என்று இருந்தேன். அன்று சாயங்காலம், அவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு, செவலை மேய்ந்துகொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். வெட்டவெளிக்கு நடந்து போனாள். சுற்றத் தொடங்கினாள்.

தறிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் இல்லை. வட்டமாக நடந்தாள், நின்றாள், எதிர்ப்பக்கம் திரும்பினாள், காலை மடித்துக் கும்பிட்டாள், எழுந்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருந்தாள், எதையோ கேட்டுவிட்டுச் செய்கிற மாதிரி. வட்டத்தின் நடுவில் அவர் நிற்கும் அந்த இடத்தில் மட்டும் ஒரு குளம்படி கிடையாது. தினமும் இதே கதை. ஒரு நாள் அவள் தலை தாழ்த்தி மண்டியிட்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் காது அடைத்துப்போகும், உனக்குத் தெரியும். அந்த அமைதியில் மிகப் பக்கத்தில் யாரோ "ம்" என்றார்கள். செவலை எழுந்தாள். நான் திரும்பினேன். பின்னால் உன் அப்பா நின்றிருந்தார். "நீங்களா சொன்னது?" என்றேன். "எதை?" என்றார். அவரா, என் காதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தச் சேதி தறிக்காரப் பெண்கள் மூலம் வெளியே பரவியது. "அய்யனாருல்லா வந்து ஏறுதாரு, உங்களுக்குத் தெரியலையா?" என்று அவர்களில் ஒருத்தியான பேச்சியம்மா என்னைக் கடிந்துகொண்டாள். கேட்டில் எலுமிச்சம்பழமும் பூவும் தொங்க ஆரம்பித்தன. வாரத்தில் ஒரு நாள் யாராவது தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். கும்பிடுகிறவர்களிடம் என்ன சொல்ல? சாமியாக இருந்தால் எனக்கும் பயமில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போது எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. கவிதாவை ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. அவளுக்கோ இதெல்லாம் வேடிக்கை. "பழக்கதோஷம்மா, போகப் போக மறந்துரும்" என்று சொல்லி, லீவு நாட்களில் செவலை மேல் ஏறித் தோப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

அப்படி ஒரு லீவு நாள். செவலை சுற்றுகிற நேரம் வந்தபோது கவிதா அவள் முதுகில் இருந்தாள். அன்றைக்குச் செவலை வெட்டவெளிக்குப் போகவில்லை. கேட்டைத் தாண்டி மதுரை ரோட்டில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை எய்யா. ஓடியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. ஒரே சீரான நடை. கவிதா கடிவாளத்தை எவ்வளவு இழுத்தும் கழுத்து வளையவில்லை. "அம்மா, கேக்க மாட்டேங்குதும்மா!" என்று அவள் கத்துவது கேட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் விரட்டினேன். எதிரே ஆலங்குளம் பக்கமிருந்து சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரி. ஹாரனை அடித்துக்கொண்டே வருகிறது. எந்தக் குதிரையும் ஒதுங்கும். செவலை நடு ரோட்டிலேயே நடந்தாள். கவிதா குதித்தாள், மணிக்கட்டு முறிந்தது. லாரி கிறீச்சிட்டு, செவலையின் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவள் பின்வாங்கவே இல்லை. டிரைவர் இறங்கி வந்து அவள் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். திட்டத்தான் வந்தார், குரல் இறங்கிவிட்டது. "என்னக்கா குதிரை இது? உள்ள உசுரு இருக்கா?" என்றார்.

கவிதாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு நான் நேரே மடவார் வளாகத்துக்குப் போனேன். செய்ததை அவரே வந்து எடுத்துவிடட்டும் என்று கேட்கத்தான் போனேன். வைத்தியநாத சுவாமி கோவிலைத் தாண்டி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் நாலைந்து குதிரைகள். ஒன்றைக்கூடக் கட்டிப்போடவில்லை. எல்லாத் தலையும் ஒரே உயரத்தில் வாசலைப் பார்த்தபடி இருந்தன. அவருடைய மனைவி கதவோரம் நின்றிருந்தாள். "சங்கரவேல் இருக்காரா?" என்றேன். "அவிய வந்திரட்டும்" என்றாள். எப்போது வருவார் என்றேன். "அவிய வந்திரட்டும்." வெயிலில் வந்தது தலையைச் சுற்றியது. "செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன். கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றேன். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் பானை இருந்தது, மேலே சொம்பு இருந்தது. பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் கலங்கியது. "அவிய வந்திரட்டும்" என்றாள். நான் காத்திருக்கவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இரண்டாவது ஆள் ஜெசிந்தாவை உனக்குத் தெரியும். பெங்களூரில் குதிரையேற்றப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆலங்குளத்துக்குத் திரும்பி வந்திருந்தாள். கவிதாவின் சிநேகிதி ஒருத்திக்கு உறவு. நீ பார்த்தபோது இருந்த அதே ஜெசிந்தாதான், வாய் ஓயாது, சொன்ன நேரத்துக்கு வரமாட்டாள், வந்தால் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கயிற்றைத் தொடுவாள். முதல் நாள் அவளையும் அதே ஜன்னலில் நிறுத்திப் பார்க்க வைத்தேன். செவலை சுற்றி முடிக்கிறவரை, அதிசயமாக, அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "எனக்கே பயமா இருக்குக்கா" என்றாள். "சரியாயிருமா?" என்றேன். "தெரியாது. எம்புட்டு நாளாகும்னும் தெரியாது. ஏலாமப் போனாலும் போகும். ஆனா வாரேன்." எனக்கு என்னவோ அந்தப் பதிலில்தான் மூச்சு வந்தது.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. செவலைக்கு யாரும் எதையும் செய்யச் சொல்லக் கூடாது. வா என்றுகூடச் சொல்லக் கூடாது. சாயங்காலம் செவலை சுற்றத் தொடங்கினால் ஜெசிந்தா கூடவே நடப்பாள். அம்மாவின் முட்டி வலி, சர்ச்சில் யாருக்கும் யாருக்கும் சண்டை, மீன் விலை, எல்லாவற்றையும் அவள் காதில் சொல்லிக்கொண்டே நடப்பாள். செவலை மண்டியிட்டால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஈயை விரட்டுவாள். இப்படியே மழைக்காலம் வந்து போனது. ஒரு மாற்றமும் இல்லை. உன் அப்பா தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஜெசிந்தா டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், யாரும் மிதிக்காத அந்த நடு இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டிருந்த செவலை நின்றாள். மூக்குத் துவாரம் விரிந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. தோல் முழுக்க அலை அலையாகச் சிலிர்த்தது. ஜெசிந்தா வாய் நிறையச் சோற்றோடு கத்தினாள். "பயப்படுதுக்கா! பாருங்க, பயப்படுது!" அவள் அழுதுகொண்டிருந்தாள். என் பக்கத்தில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. உன் அப்பா எழுந்து நின்று, "ஏலே, அந்தத் துணியை யாருலே மண்ணுல போட்டது!" என்று தறிக்கூடத்தைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். துணியெல்லாம் கொடியில் ஒழுங்காகத்தான் கிடந்தது. அவருக்குச் சத்தம் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சங்கரவேல் ஒரே ஒரு முறை திரும்பி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்தே "ம்" என்றார். உன் அப்பா நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். குடத்தைத் தூக்கப் போன என் கையும் நின்றுவிட்டது, அதை உன்னிடம் ஒளிப்பானேன். செவலையின் முன்கால் மடியத் தொடங்கியது. ஜெசிந்தா மட்டும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், என்ன பேசினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லையாம். அவர் மறுபடி "ம்" என்றார். செவலை கனைத்தாள். அது கனைப்பா, அலறலா என்று தெரியவில்லை. திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, தோப்பின் கடைசிக்கு ஓட்டமாக ஓடிவிட்டாள். பொழுது சாயும்வரை வரவில்லை. சங்கரவேல் முகத்தில் நான் பார்த்த ஒரே வருத்தம் அன்றைக்குத்தான். "கெடுத்துட்டீங்களேம்மா" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நீ லீவில் வந்தபோது செவலை உன் சட்டைக் காலரைக் கடித்தாள், பாலிதீன் பையைக் கண்டு உன்னைக் கீழே தள்ளினாள். "இம்புட்டு நாள் பழக்கியும் பயந்தாங்கொள்ளியாத்தானே இருக்கு" என்று நீ சிரித்தாய். நானும் உன் அப்பாவும் கவிதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் அத்தனை மாதம் ஆயிற்று. ஆகவே எய்யா, ஆளைத் தேடும்போது அவர் கைக்குள் குதிரை எப்படி நிற்கிறது என்று பார்க்காதே. அவர் இல்லாத நேரத்தில் அந்த இடத்துக்குப் போ. குதிரைகள் வாலை வீசுகின்றனவா, ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றனவா, உன்னைக் கண்டு மிரளுகின்றனவா என்று பார். வேலையாட்களிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேள். எத்தனை நாளில் பழக்குவீர்கள் என்று கேட்டால், தெரியாது என்று சொல்கிற ஆளை வைத்துக்கொள். இரைச்சலாகக் கிடக்கிறது என்றாயே, அந்த இடத்தில் விடு பிள்ளையை.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். இன்று காலை நீ அனுப்பிய வீடியோ வந்தது. என் பதில் வர நேரமாகிறது என்று நீயே ஒரு இடத்தில் சேர்த்துவிட்டாயா? நல்ல வெயிலில், சிலை மாதிரி நிற்கும் ஒரு வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் யாழினி நிற்கிறாள். தலை பின்னிவிடக்கூட ஒரு நிமிடம் உட்காராத பிள்ளை, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கீழே, "ரெண்டே நாள்ல எவ்ளோ அமைதி ஆயிட்டா பாரும்மா" என்று எழுதியிருக்கிறாய். நீதான் படம் எடுக்கிறாய், "யாழி, ஆச்சிக்கு டாட்டா சொல்லு" என்று உன் குரல் கேட்கிறது. அவள் உன்னைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, உனக்கு இடது பக்கம் யாரையோ பார்க்கிறாள். செத்த நேரம் காத்திருக்கிறாள். அப்புறம்தான் கை அசைகிறது.

உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இத்தனை வருடம் வாயைத் திறக்காத மனிதர், "பெட்டியை எடு. நானும் வாரேன்" என்றார். பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். கவிதா இந்தத் தாள்களைப் படம் பிடித்து இப்போதே உன் போனுக்கு அனுப்புவாள். இன்றைக்குப் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகாதே. வீட்டில் இருக்கட்டும், எதையாவது போட்டு உடைக்கட்டும், கத்தட்டும். இதைப் படித்து முடித்ததும் அடுத்த அறையிலிருந்து அவளை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு. உடனே ஓடி வந்தால் பயமில்லை. வராமல், ஆளில்லாத பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றால், மறுபடி கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே. போய்த் தூக்கிக்கொள். நாங்கள் வந்து சேரும்வரை இடுப்பிலிருந்து இறக்காதே, பேசிக்கொண்டே இரு.

உன் அம்மா